ஆடாதோடையும் எங்க தாத்தாவின் இருமலும்

 

முதலில் ஒரு விடுகதை. நானே போட்டது. ‘ஆடும் தொடாது, மாடும் தொடாது, இருமல் வந்தா ஊரே தேடும். அது என்ன?’ தலைப்பைப் படித்தவர்களுக்கு விடை தெரிந்திருக்கும். ஆடாதோடை. நம்ம ஊரில் பாதி வீட்டு வேலியில் இருக்கிறது. பள்ளிக்கு வரும் வழியில் வாய்க்கால் மேட்டில் வரிசையாக நிற்கிறதே, நீட்டு இலை, வெள்ளைப் பூ, அதுதான். தினமும் அதைத் தாண்டித்தான் வருகிறோம். ஆனால் பேர் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. எங்க வகுப்பில் நான் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தி மாஞ்செடி என்றாள்! இலை மட்டும் கொஞ்சம் மாவிலை மாதிரிதான் இருக்கும், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

செடியை எப்படி அடையாளம் காண்பது? ஆள் உயரத்துக்கோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ வளரும் புதர்ச் செடி. இலை எதிர் எதிராக ஜோடி ஜோடியாக இருக்கும். ஒரு சாண் நீளம் வரை வரும், இரண்டு பக்கமும் கூராக இருக்கும். கணுவில் தண்டு கொஞ்சம் வீங்கினாற்போல் இருக்கும். பூ வெள்ளை, வாயைத் திறந்த மாதிரி இரண்டு உதடு, கீழ் உதட்டில் ஊதா நிறக் கோடு. உள்ளே பார்த்தால் இரண்டே இரண்டு மகரந்தத் தாள்கள்தான். அறிவியல் பாடத்துக்குச் செம்பருத்திப் பூவை மட்டுமே அறுத்துப் பார்க்கிறோம், அடுத்த முறை இதையும் பார்க்கலாம். இலையைக் கிள்ளி நாக்கில் வைத்தால் கசப்பு. வேப்பிலைக் கசப்பு வேறு, இது வேறு. இது தொண்டைக்குள் போய் உட்கார்ந்து கொள்ளும்.

இதன் அறிவியல் பெயர் ஜஸ்டிசியா அடதோடா. 1753-ல் லின்னேயஸ் வைத்தது. பேரைக் கவனியுங்கள், நம்ம பக்கம் கூப்பிடும் பேரே அதில் இருக்கிறது! வடமொழியில் வாசகா, மலையாளத்தில் ஆடலோடகம், இந்தியில் அடூசா. நிலவேம்பும் இதே குடும்பம்தான், அகாந்தேசியே. கேரளா பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் இதற்கு ஒரு தங்கை இருக்கிறது, சின்ன ஆடாதோடை. இலை சின்னது. அங்கே வைத்தியர்கள் அதைத்தான் பெரிதாக மதிக்கிறார்கள்.

‘ஆடு தொடாத இலை’ என்பதுதான் ஆடாதோடை ஆனது என்று எங்க அப்பாயி சொல்லும். நிஜமாகவே தொடாதா என்று சோதித்துப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்க வீட்டு ஆடு மூன்றுக்கும் அகத்தி ஒரு கட்டு, வேப்பிலை ஒரு கட்டு, ஆடாதோடை ஒரு கட்டு கட்டித் தொங்க விட்டேன். அகத்தி காலி ஆக அஞ்சு நிமிஷம் கூட ஆகவில்லை. அப்புறம் வேப்பிலையும் போயிற்று. ஆடாதோடையிடம் தாய் ஆடு வந்தது, மோந்து பார்த்தது, ஒரு தும்மல் போட்டது, திரும்பிப் போய்விட்டது. குட்டி மட்டும் ஒரு இலையைக் கடித்துவிட்டுத் துப்பிடுச்சு. சாயங்காலம் வரைக்கும் அந்தக் கட்டு அப்படியே தொங்கிக் கொண்டிருந்தது. அதனால்தான் வேலிக்கு இதை வைக்கிறார்கள். முள்ளும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். வெட்டி விடுகிற தழையை நெல் வயலில் மிதித்து உரமாகப் போடுவார்கள். இலையிலிருந்து மஞ்சள் சாயம் எடுப்பதும் உண்டு. பழத்தை இதன் தழையில் மூடி வைத்தால் பூச்சி, பூஞ்சணம் சீக்கிரம் அண்டாது. எங்க வீட்டில் வாழைத்தார் பழுக்கப் போடும்போது அப்பாயி இதைத்தான் மேலே போடும்.

சரி, இப்போ இருமலுக்கு வருவோம்.

இருமல் ஒரு நோய் இல்லை. மூச்சுக்குழாய்க்குள் தூசியோ கிருமியோ போனால் உடம்பு கோழையைச் சுரந்து அதில் ஒட்ட வைத்து வெளியே தள்ளப் பார்க்கும். அந்தத் தள்ளுதான் இருமல். கோழை கெட்டியாகி ஒட்டிக் கொண்டால் இருமி இருமி நெஞ்சு வலிக்கும், ஆனா வெளியே வராது. ஆடாதோடை இலையில் வாசிசின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது மூச்சுக்குழாயைக் கொஞ்சம் விரித்துக் கொடுக்கும், கோழை வெளியே வர உதவும். இந்த வாசிசினை வைத்துத்தான், அதன் அமைப்பை மாற்றி, 1960-களில் புரோம்ஹெக்சின் என்ற மருந்தைச் செய்தார்கள். அதிலிருந்து வந்தது அம்ப்ராக்சால். உங்கள் வீட்டில் இருமல் சிரப் பாட்டில் இருந்தால் எடுத்து, பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். இந்த இரண்டில் ஒன்று இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அது தெரிந்த அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. நம்ம வாய்க்கால் மேட்டுச் செடியின் பேத்தி மருந்துக்கடையில் இருக்கிறாள்!

சித்த வைத்தியத்தில் ஆடாதோடை மணப்பாகு என்று பாகாகவே விற்கிறார்கள். 2020-ல் கொரோனா சமயத்தில் ஊர் ஊராகக் கொடுத்தார்களே கபசுரக் குடிநீர், அதில் சேரும் 15 சரக்குகளில் ஆடாதோடை இலையும் ஒன்று. இதைச் சாப்பிட்டால் பாடத் தெரியாதவன் தொண்டையும் பாடும் என்று ஒரு சொலவடை இருக்கிறது. நான் சாப்பிட்டுப் பார்த்தேன். காலை வழிபாட்டில் என் பக்கத்தில் நிற்பவளைக் கேட்டால் உண்மை தெரியும்.

எங்க வீட்டில் கஷாயம் போடுவது இப்படி. முத்தின இலை இரண்டு. பழுத்ததும் வேண்டாம், கொழுந்தும் வேண்டாம். நன்றாகக் கழுவி, நடு நரம்பைக் கிழித்து எடுத்துவிட்டுப் பிய்த்துப் போட்டு, நாலு மிளகு தட்டிப் போட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் அரை டம்ளராக வற்றும் வரை சின்னத் தீயில் வைக்க வேண்டும். வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறினதும் தேன் ஒரு ஸ்பூன். கொதிக்கும்போது தேன் ஊற்றக் கூடாது. பனங்கற்கண்டு என்றால் கொதிக்கும்போதே போடலாம். சாறு வேண்டுமானால் ஒரு சூட்சுமம் உண்டு. பச்சை இலையை அம்மியில் என்ன அரைத்தாலும் சாறு வராது, சக்கைதான் வரும். இட்லிச் சட்டியில் வைத்து ஆவி காட்டிவிட்டு, சூட்டோடு துணியில் முடிந்து பிழிந்தால் சொட்டுச் சொட்டாக இறங்கும். அப்பாயிக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையாம், அவங்க மாமியார் செய்றதைப் பார்த்துக் கத்துக்கிட்டதாம்.

இதுவரைக்கும் எழுதியது எல்லோரும் எழுதுவதுதான். இனி எழுதப் போவது எங்க வீட்டில் நடந்தது. எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். தாத்தாதான், “எழுது தாயி, நாலு பேருக்குத் தெரியட்டும்” என்று சொன்னார்.

2025 தை மாசம் தாத்தாவுக்கு இருமல் வந்தது. பனிக்காலம்தானே என்று யாரும் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை. அப்பாயி கஷாயம் போடச் சொன்னது. அம்மா காலையில் வேலைக்குப் போய்விடுவதால் போட்டுக் கொடுப்பது என் வேலை. இரண்டு நாளில் கோழை இளகி வெளியே வந்தது. தாத்தா நெஞ்சு லேசா இருக்கு என்றார். எனக்கு ரொம்பப் பெருமை. ஆனால் இருமல் நிற்கவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாசம். கஷாயம் குடித்தால் கொஞ்சம் நல்லா இருக்கும், மறுபடி வரும். மாசி மாசத்தில் சட்டை தொளதொள என்று ஆகிவிட்டது. சாயங்காலம் ஆனால் உடம்பு கதகதவென்று இருக்கும். ராத்திரி வேர்த்துக் கொட்டும். டவுனில் ஒரு மருந்துக்கடையில் சொல்லி அப்பா சிரப் வாங்கி வந்தார். அதையும் குடித்தார், கஷாயத்தையும் குடித்தார்.

பங்குனி ஆரம்பத்தில் ஒரு நாள் விடிகாலையில் கோழையில் ரத்தம் கலந்து வந்தது. தாத்தா அதை மண்ணைத் தள்ளி மூடியதை நான் பார்த்துவிட்டேன். யாரிடமும் சொல்லாதே என்றார். நான் அப்பாயியிடம் மட்டும் சொன்னேன். ரத்தம் வருவதற்கும் ஆடாதோடைதான் மருந்து என்று சொல்லி, இரண்டு இலையை நாலு இலை ஆக்கச் சொன்னது அப்பாயி. நானும் நாலு இலை போட்டேன்.

மார்ச் 24 அன்று நம்ம பள்ளிக்கு நர்ஸம்மா வந்து பேசினார்களே, நினைவிருக்கிறதா? 1882-ல் அதே நாளில்தான் ராபர்ட் காக் என்ற ஜெர்மன் மருத்துவர் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததை அறிவித்தார், அதனால் அது உலகக் காசநோய் நாள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைதல், ராத்திரி வேர்வை, கோழையில் ரத்தம் என்று அவங்க ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவ்வளவும் எங்க தாத்தாவுக்கு இருந்தது. நான் அப்போ எட்டாம் வகுப்பு. வீட்டுக்கு ஓடிப் போய் அப்பாவிடம் எல்லாத்தையும் சொல்லிவிட்டேன், ரத்தம் வந்ததையும் சேர்த்து. தாத்தா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கோழை எடுத்துப் பரிசோதனை செய்தார்கள். காசநோய் இருந்தது.

இந்த இடத்தை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன். ஆடாதோடை பொய் மருந்து இல்லை. அது செய்கிற வேலையைச் சரியாகச் செய்தது. கோழையை இளக்கியது. ஆனா கோழைக்குள் இருந்த கிருமியை ஒழித்து நோயைக் குணமாக்குவது அதன் வேலை இல்லை. நெஞ்சு லேசாக இருந்ததால் நோய் குறைகிறது என்று நாங்கள் நினைத்துக் கொண்டோம். அடுப்பில் புகை வந்தால் ஜன்னலைத் திறந்து விடுகிற மாதிரி. புகை போய்விடும், உள்ளே எரிவது எரிந்து கொண்டுதான் இருக்கும். கஷாயம் குடித்த அந்த இரண்டரை மாசமும் தாத்தா இருமிய ஒவ்வொரு இருமலிலும் கிருமி காற்றில் வந்தது. என் தம்பிக்கு நாலு வயசு, அவன் தாத்தா மடியை விட்டு இறங்க மாட்டான். நாலு இலை போட்டது நான்தானே என்று ராத்திரி எல்லாம் அழுதேன். நர்ஸம்மாதான், “நீ சொன்னதாலதான் இப்போவாவது வந்தாங்க” என்று சொன்னார்கள்.

ஆறு மாசம் மாத்திரை, தினமும் காலையில் வெறும் வயிற்றில். எல்லாம் இலவசம். மாத்திரை ஆரம்பித்த முதல் வாரம் தாத்தா அலறிக் கொண்டு வந்தார், சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகிறது, ரத்தம் என்று. ரிஃபாம்பிசின் என்ற மாத்திரையின் நிறம் அது, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். வீட்டில் எல்லோரையும் சோதித்தார்கள். தம்பிக்கு நோய் வரவில்லை, ஆனால் வராமல் இருக்க அவனுக்கும் மாத்திரை கொடுத்தார்கள். சத்துணவுக்காக மாசம் 1000 ரூபாய் கணக்கில் வரும். 2018-ல் 500 ஆக ஆரம்பித்தது, 2024 நவம்பரிலிருந்து 1000. அதில் முட்டையும் நிலக்கடலையும் வாங்கினோம். இரண்டு மாசத்தில் காய்ச்சல், இருமல் எல்லாம் போய்விட்டது. நல்லாயிட்டேனே, எதுக்கு இன்னும் மாத்திரை என்று தாத்தா நிறுத்தப் பார்த்தார். பாதியில் விட்டால் மிச்சம் இருக்கிற கிருமி மாத்திரைக்கு அடங்காததாக மாறிவிடும், அப்புறம் ரொம்பக் கஷ்டம். அதனால் காலண்டரில் தினமும் நான் ஒரு வட்டம் போட்டேன். வட்டம் போடாமல் பள்ளிக்குக் கிளம்ப மாட்டேன். புரட்டாசியில் முடிந்தது.

ஒரு வருத்தத்தையும் எழுதிவிடுகிறேன். அந்தச் சமயத்தில் ஒரு வீட்டில் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்த செம்பைத் தனியாக எடுத்து வைத்தார்கள். காசநோய் செம்பில் ஒட்டாது, காற்றில்தான் பரவும். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தால் அதுவும் சீக்கிரம் குறைந்துவிடும்.

அப்போ ஆடாதோடையை விட்டுவிட வேண்டுமா என்றால், இல்லை. இப்போதும் சளி பிடித்தால் கஷாயம்தான். ஆனால் எங்க வீட்டில் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதற்குள் விடவில்லை என்றால் டாக்டர். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் கோழைப் பரிசோதனை, அதில் பேச்சே இல்லை.

கர்ப்பமாக இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சொட்டு கூடக் கொடுக்கக் கூடாது. எங்க சித்தி முழுகாமல் இருந்தபோது இருமல் வந்தது. கஷாயம் போடட்டுமா என்று கேட்டேன். “புள்ளத்தாச்சிக்கு இது ஆகாது, போடி” என்று அப்பாயி இலையைப் பிடுங்கி எறிந்தது. ஏன் என்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை. வாசிசின் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும், கரு கலையலாம் என்று ஜம்மு ஆராய்ச்சிக் கூடத்தில் கண்டு 1980-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடமே போகாத எங்க அப்பாயிக்கும் அந்த விஞ்ஞானிகளுக்கும் ஒரே விடை வந்திருக்கிறது! தாத்தா விஷயத்தில் தவறிய அதே அப்பாயிதான். அதனால் பெரியவங்க சொல்றது எல்லாம் சரி என்றும் சொல்ல முடியவில்லை, எல்லாம் தப்பு என்றும் சொல்ல முடியவில்லை.

கைக்குழந்தைகளுக்கும் நாமாகக் கொடுக்கக் கூடாது. ஒரு வயசுக்குக் கீழே தேனே கூடாது. கடைச் சிரப்பும் அப்படித்தான். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் நச்சுப்பொருள் கலந்த இருமல் சிரப் குடித்துப் பல குழந்தைகள் இறந்து போனார்கள். டை எத்திலீன் கிளைக்கால் என்ற அந்த நச்சு சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். அதற்குப் பிறகு, இரண்டு வயசுக்குக் கீழே இருமல் சிரப்பே கொடுக்க வேண்டாம் என்று மத்திய அரசு சொன்னது. பாட்டிலோ பச்சிலையோ, குழந்தைக்கு என்றால் டாக்டரைக் கேட்காமல் ஊற்றக் கூடாது.

கடைசியாக, வளர்ப்பது. விதை தேட வேண்டாம், குச்சி போதும். புரட்டாசி, ஐப்பசி மழையில் வைப்பது நல்லது. பென்சிலை விடக் கொஞ்சம் தடியான, முத்தின தண்டாகப் பார்த்து ஒரு சாண் அளவுக்கு வெட்ட வேண்டும். மூன்று நாலு கணு இருக்கணும். இலையைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. குச்சிக்குக் குச்சி இரண்டடி இடைவெளி. நான் 12 குச்சி வைத்தேன், 8 தான் பிழைத்தது. ஒன்று தண்ணீர் நின்று அழுகிவிட்டது. மற்ற மூன்றும் தம்பி நட்டது. பிடுங்கிப் பார்த்தால் மூன்றையும் தலைகீழாக நட்டிருக்கிறான்! அதனால் வெட்டும்போதே அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டிவிடுங்கள், குழப்பம் வராது. துளிர் வந்துவிட்டதே என்று உடனே பிடுங்கி நடாதீர்கள். குச்சியில் இருக்கிற சத்திலேயே துளிர் விடும், வேர் அப்புறம்தான் வரும். ஒரு மாசமாவது விடணும். வேர் பிடித்த பிறகு ஆடு மாட்டுக் கவலை இல்லை, உரம் கேட்காது, வெயிலும் தாங்கும். இலையைக் கிள்ளக் கிள்ளக் கிளைக்கும். வேருக்கும் மருத்துவக் குணம் உண்டு என்று தோண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வாய்க்கால் மேட்டில் இரண்டு செடியை அப்படித்தான் யாரோ தோண்டிக் கொண்டு போய்விட்டார்கள். இலை பறித்தால் செடி இருக்கும், வேர் எடுத்தால் செடியே போச்சு.

மழை இல்லாத மாசத்தில் இலையை நிழலில் காய வைத்து டப்பாவில் போட்டுக் கொள்ளலாம். வெயிலில் காய்ந்தால் நிறம் போய்விடும். கை நிறையப் பறித்தது காய்ந்ததும் ஒரு பிடிதான் இருக்கும்.

எங்க வீட்டு வேலியை வரும் சனிக்கிழமை வெட்டி விடப் போகிறோம். குச்சி நிறையக் கிடைக்கும். வேண்டியவர்கள் திங்கட்கிழமை காலை மணி அடிப்பதற்கு முன்னால் ஒன்பதாம் வகுப்பு வாசலுக்கு வாருங்கள். ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டு வருகிறேன். ஆளுக்கு மூன்று குச்சி. நம்ம சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் குழாய்த் தண்ணீர் வழிகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மேடாக இருக்கிற பக்கம் ஒரு வரிசை வைக்கலாம் என்று அறிவியல் டீச்சரிடம் கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி